கிட்டப்படக்காரர்

உங்களுக்கு இவரைத் தெரியும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் முகத்தை விட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானையே உற்றுப் பார்த்து, "கொஞ்சம் அசையாம இருங்க" என்பாரே, அந்த இனம்தான். எதையும் ஒட்டி நின்றே படம் எடுக்கும் கிட்டப்படக்காரர்.

இங்கே வருகிறவர் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கர். எறும்பின் மீசையைப் படம் எடுக்க ஆசை. அதற்கென்று இருக்கும் லென்ஸின் விலையைக் கேட்டதும் ஆசை கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் கடைக்காரர் எக்ஸ்டென்ஷன் டியூபைக் காட்டினார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெறும் வளையம். அதை மாட்டினால் லென்ஸ் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். இருக்கிற லென்ஸை வைத்தே எறும்போடு மூக்கு உரசலாம்.

வீட்டுக்காரம்மா அதை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"கண்ணாடியே காணோமே."

"கண்ணாடி கிடையாது. உள்ள வெறும் காத்துதான். அதான் விலை கம்மி."

"காத்து நம்ம வீட்லயே இருக்கே."

அன்றோடு வீட்டில் காற்றும் போயிற்று. மின்விசிறி சுற்றினால், படம் எடுக்க வைத்த உப்புக்கல் நடுங்குமாம். டியூப் போட்டால் வெளிச்சம் குறையும் என்று மச்சினர் மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் நிற்க, பல் துலக்கும் பிரஷ், சோப்பு நுரை, குழாய் நுனியில் தொங்கும் சொட்டு, மாமியாரின் மூக்குக்கண்ணாடித் திருகு என எதையும் கணக்கர் விட்டுவைக்கவில்லை. ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் மங்கல். மாமியார் மூச்சு விட்டதற்கே பேச்சு வாங்கினார்.

இப்படி இருக்கையில் மகளுக்குப் பள்ளியில் ஓட்டப் பந்தயம் வந்தது.

"அப்பா, நான் ஓடுறதை எடுப்பீங்களா?"

"அதுக்குத்தானே வர்றேன்."

மைதானத்தில் கயிற்றோரம் நின்று கேமராவைத் தூக்கினார். எதிரே எல்லாம் பஞ்சுப்பொதி. டியூபைக் கழற்ற மறந்திருந்தார். அது இருந்தால் தூரத்தில் இருப்பது எதுவும் தெளிவாக விழாது. கழற்றத்தான் கை போனது. அந்த நேரம் பார்த்துக் கயிற்றில் ஒரு பொன்வண்டு வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு படம் என்று குனிந்தார்.

விசில் கேட்டது. கைதட்டல் கேட்டது. அவர் நிமிர்ந்தபோது பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலாவதா வந்தேன்ப்பா. காட்டுங்க."

காட்டினார். வேறு என்ன செய்வார்?

மகள் வெகுநேரம் பார்த்தாள். "அழகா இருக்கு. நான் எங்க?"

அவர் டியூபைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "இன்னொரு தடவை ஓடுறியாம்மா? இப்ப எடுக்கிறேன்."

"தனியா ஓடினா முதலாவது வந்த மாதிரி இருக்காதே. பின்னாடி யாராவது வரணும்."

கூட வந்திருந்த வீட்டுக்காரம்மா செருப்பைக் கழற்றினார். "கேமராவையும் பைக்குள்ள வைங்க. வாங்க."

ஓடினார்கள். அம்மா இரண்டாவது. கணக்கர், தொப்பை குலுங்க, கடைசி. முன்னால் மகளின் சடை துள்ளித் துள்ளிப் போவதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே ஓடினார். அதற்குப் படம் கிடையாது.

சிரித்தீர்களா? நல்லது. ஒரு சின்ன சந்தேகம். இதை மூக்குக்கு எவ்வளவு கிட்டப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? உங்களை யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிடுகிறார்கள். நிமிர்ந்துதான் பாருங்களேன்.