தயவுசெய்து இனிமேல் கம்பளி வேண்டாம்

ஓமந்தைக்குக் கிழக்கே,
காடு வெட்டிய குடியிருப்பு.
1982, ஆவணி மாதம்.

கடலுக்கு அப்பால் இருந்தாலும் எங்களை மறவாத, அகதிகளுக்கு உதவும் சங்கத்தின் பெருமதிப்புக்குரிய காரியதரிசி ஐயா அவர்களுக்கு (அம்மாவாக இருந்தால் அம்மா அவர்களுக்கு), மாயாண்டி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், ஆடு மாடு இருந்தால் அவையும், சுகமாக இருக்க நாங்கள் கும்பிடுகிற மாரியாத்தா துணை. நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் என் கை போகிறது. அப்படி எழுதக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆகவே நாங்கள் இங்கே சுகமாக இல்லை. மன்னிக்க வேண்டும்.

என்னைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பளி வந்த ஒவ்வொரு வருடமும் ஊர் சார்பில் நன்றிக் கடிதம் எழுதியவன் நான்தான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் யார் வீட்டுக் கடிதமென்றாலும் என் கையெழுத்துதான். கோபித்துக்கொண்டு போன சம்பந்திகள் என் கடிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்ததுண்டு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். உடுத்த துணியோடு லொறி ஏறி வவுனியா வந்து, பள்ளிக்கூட விறாந்தையில் படுத்துக் கிடந்து, பிறகு இந்தக் காட்டை வெட்டிக் குடிசை போட்டோம். நான் பிறந்தது இந்த நாட்டுத் தேயிலை மலையில். என் அப்பன் பிறந்ததும் அங்கேதான். ஆனாலும் நான் இந்த நாட்டுக்காரன் இல்லையாம்; இந்தியாக்காரனும் இல்லையாம். எங்கள் வீட்டு மாடு ஓமந்தையில் பிறந்தது. அதற்குக் குறி சுட்டு, இன்ன ஊர் மாடு என்று சீட்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது சீட்டில்லாத நான். கொஞ்ச நாளாக மாடு என்னைப் பார்க்கிற பார்வையில் மரியாதை குறைந்திருக்கிறது.

கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் துரை எங்களுக்குக் கம்பளி கொடுப்பார். மழையிலும் பனியிலும் அதைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவோம். அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார் என்பது வேறு கதை. மலைநாட்டு ஆட்களைப் பற்றி யாரோ எழுதியதைத் தாங்கள் படித்திருப்பீர்கள் போலிருக்கிறது. எழுபத்தொன்பதில் முதல் தடவை கம்பளி வந்தது. நல்ல கனமான, சாம்பல் நிறக் கம்பளி. அன்றைக்கு ஓமந்தையில் அடித்த வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. அதைச் சுமந்து வந்த மனிதர் வியர்த்துக் கொட்டி, கம்பளியைக் கொடுக்கு முன் தண்ணீர் கேட்டார். பெரியவர்கள் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் பழக்கம். ஒற்றிக்கொண்டோம், கண் எரிந்தது. 'தங்கள் கம்பளியின் கதகதப்பில் தங்கள் அன்பை உணர்ந்தோம்' என்று எழுதினேன். பொய் இல்லை, நன்றாகவே உணர்ந்தோம். அடுத்த வருடம் இன்னும் கனமான கம்பளி வந்தது. அதற்கு அதைவிட உருக்கமாக எழுதினேன். மூன்றாம் வருடம் ஆளுக்கு இரண்டு வந்தது. பக்கத்து வீட்டு ராசு தன் பங்கை ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறான். எதிர்வீட்டு வடிவம்மா அக்கா கதவுக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருக்கிறாள். உளுந்துக் காட்டில் பன்றி விரட்ட நிற்கிற வெருளிகூட ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. இந்த ஊரில் கம்பளியை முறைப்படி போர்த்தியிருப்பது அந்த வெருளி மட்டும்தான்.

இந்த நிலையில்தான், தங்கள் உதவி சரியாகப் போய்ச் சேருகிறதா, அதை எப்படித் திருத்தலாம் என்று ஆராய்ச்சி செய்யத் தாங்களே பணம் ஒதுக்கி, யாழ்ப்பாணத்திலிருந்து விமலேஸ்வரி என்ற படித்த பெண்ணை அனுப்பினீர்கள். கொடுத்தது சரிதானா என்று பார்க்கத் தனியாகப் பணம் செலவழிக்கிற மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. எங்களுக்குத் தெரிந்தவரை, கொடுத்தவர் திரும்பி வந்தால் அது திருப்பி வாங்கத்தான். அதனால் அவர் சைக்கிளை விட்டு இறங்கியதும் சிலர் கம்பளியை மடித்துத் தயாராக வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்றோம். தோட்டத்தில் தினமும் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துத்தான் வேலைக்குப் போவோம்; யாராவது கேள்வி கேட்டால் கால்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். "ஐயா, எல்லாரும் இருங்கோ. நான் துரை இல்லை," என்றார் விமலேஸ்வரி. நாங்கள் அதற்கும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தோம். படித்தவர் யாரானாலும் எங்களுக்கு டீச்சரம்மாதான் என்பதால் அவரையும் டீச்சரம்மா என்றே கூப்பிட்டோம். கிடைத்த உதவி எப்படி என்று கேட்டார். "ரொம்ப நல்லதுங்க." ஏதும் குறை உண்டா? "ஒரு கொறையும் இல்லீங்க." ஒரு கிழமை முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையெண்டால் நான் என்னத்தை எழுதிறது?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஊரின் நல்ல பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியும் இருந்தது.

அப்போது என் மருமகள் ராக்காயி அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ராக்காயிக்கு இது ஏழாம் மாதம். என் மகன் விசுவமடுப் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் கூலிவேலை செய்கிறான். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான். தண்ணீர்க் குடத்தை நான் ஒருநாள் தூக்கிப் பார்த்தேன், முழங்கால் மறுத்துவிட்டது. ஆகவே தண்ணீர் அவள் பொறுப்பு. "தண்ணி எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?" என்று டீச்சரம்மா கேட்டார். "இங்கதாங்க, பக்கத்துல," என்றேன். "அப்ப முகம் கழுவோணும், நானும் வாறன்," என்று அவர் ராக்காயியோடு புறப்பட்டுவிட்டார். தடுக்க எனக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை. வெயில் ஏறின பிறகுதான் திரும்பி வந்தார்கள். டீச்சரம்மாவின் செருப்பு ஒன்று வார் அறுந்து கையில் இருந்தது. குளத்தில் கழுவிய முகம் வழியிலேயே காய்ந்து, மறுபடி வியர்த்திருந்தது. "இதுவோ ஐயா பக்கம்? போகப் போகப் பாதை முடியிறதாக் காணேல்லை! இந்த வயித்தோட இந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தினை தரம் போறா?" "ரெண்டு தடவைதாங்க," என்றேன் நான். "விருந்தாளி வந்தா மூணுங்க," என்றாள் ராக்காயி. டீச்சரம்மா அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. வவுனியாவிலிருந்து போத்தலில் கொண்டுவருகிறார்.

"அப்ப ஏன் ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னனீங்கள்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். "கேக்க வந்தவங்ககிட்டக் கொறை சொன்னா மரியாதை இல்லீங்களே அம்மா," என்றேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் திருப்தி என்று அறிக்கை போனால் சங்கம் அதையே நம்பும், நம்பினால் அடுத்த வருடம் ஆளுக்கு மூன்று கம்பளி வரும் என்று விளக்கினார். மூன்று என்றதும், பக்கத்துத் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராசு எழுந்து நின்றுவிட்டான். அவர் போய்ப் பார்த்ததை அவர் எழுதுவாராம். ஆனால் எங்கள் குறையை எங்கள் வாயாலேயே சொன்னால்தான் தாங்கள் காது கொடுப்பீர்களாம். எனவே ஞாயிற்றுக்கிழமை பாலை மரத்தடியில் கூடுவது, ஒவ்வொருவரும் உதவியில் உள்ள ஒரு குறையைச் சொல்வது என்று முடிவாயிற்று.

ஐயா, குறை சொல்வது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. முதலில் வடிவம்மா அக்கா எழுந்து கைகூப்பி, "கம்பளி ரொம்ப நல்ல கம்பளிங்க. ஆனா..." என்றாள். அந்த 'ஆனா'வுக்கு அடுத்து ஒன்றும் வரவில்லை. கண் கலங்கி உட்கார்ந்துவிட்டாள். பிறகு ராசு எழுந்தான். எனக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது, இத்தனை நாள் மனதில் வைத்திருந்தேன் என்றான். டீச்சரம்மா ஆவலாகப் பேனாவை எடுத்தார். "வடிவம்மாக்கா ஆடு என் மொளகாக் கன்னு பூராத்தையும் தின்னுடுச்சுங்க!" என்றான். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆடு கட்டியிருந்தது என்றாள் அக்கா. கயிறு யாருடையது என்றான் ராசு. வேலி, கோழி, திருப்பித் தராத மண்வெட்டி, பஜனையில் யார் குரல் கட்டை என்பது வரை வந்துவிட்டது. மாயாண்டி தன் கடிதத்தில் எங்கள் பெயரை எல்லாம் கடைசியில்தான் போடுகிறான் என்று என்மேலும் ஒரு குறை பதிவாயிற்று. "ஐயோ, உங்கட சண்டையைக் கேக்கேல்லை! உதவியில என்ன பிழை எண்டு சொல்லுங்கோ!" என்று டீச்சரம்மா கத்திய கத்தில் பாலை மரத்திலிருந்த குரங்குகள் இறங்கிப் போய்விட்டன.

அப்போதுதான் ராக்காயி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். கூட்டத்துக்கு வா என்றதற்கு, "குடிக்கத் தண்ணி வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனவள் அவள். குடத்தை இறக்கி வைத்தாள். தலையில் சும்மாடாக வைத்திருந்த துணியை எடுத்து உதறினாள். பார்த்தால் தங்கள் கம்பளி. நாலாக வெட்டி மடித்து வைத்திருந்தாள். "இது ரொம்ப நல்ல கம்பளிதாங்க டீச்சரம்மா. கனமா இருக்குறதால தலை வலிக்காது. இந்த ஊருப் பொம்பளைங்க எல்லாரும் இதத்தான் சும்மாடா வச்சுத் தண்ணி சொமக்குறோம். பக்கத்துல ஒரு கெணறு இருந்தா சும்மாடே வேணாம்," என்றாள். ஆட்டுச் சண்டை அப்படியே நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வடிவம்மா அக்கா எழுந்து, "நான் சொல்ல வந்த 'ஆனா' அதுதாங்க," என்றாள்.

சரி, கிணறு ஏன் வரவில்லை என்று டீச்சரம்மா தங்கள் சங்கத்துச் சட்டதிட்டங்களை எல்லாம் துருவிப் பார்த்தார். காணிப் பத்திரம் உள்ளவர்களுக்குத்தான் கிணறு என்று ஒரு விதி இருக்கிறதாம். குடியுரிமை இல்லாதவருக்குக் காணிப் பத்திரம் இல்லை. கம்பளிக்குப் பத்திரம் தேவையில்லை. கையில் தூக்கிக்கொண்டு போகிற சாமானை யாருக்கும் கொடுக்கலாம், தரையில் நிற்கிற சாமானை மட்டும் ஒரு நாட்டுக்காரருக்குத்தான் கொடுக்கலாம் என்பது அதன் அர்த்தமென்று எனக்குப் படுகிறது. அந்த விதியை அரசாங்கம் போடவில்லை, சங்கமே போட்டுக்கொண்டது, சங்கமே எடுத்துவிடலாம் என்று டீச்சரம்மா அறிக்கையில் எழுதியிருக்கிறார். அதோடு சேர்த்து அனுப்பத்தான் இந்தக் கடிதம். நன்றி என்ற சொல்லே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். இதற்கென்று நான் முன்பு எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்களையும் அது காரணமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் மாற்றும்போது இதிலும் எடுத்துவிடுவார் என்று தெரியும். தமிழ் தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஏனென்றால் ஐயா, எனக்கு வயது அறுபதாகிறது. இதுவரை எங்களை எண்ணியிருக்கிறார்கள், பதிந்திருக்கிறார்கள், லொறியில் ஏற்றியிருக்கிறார்கள், இறக்கியிருக்கிறார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. தாங்கள் பணம் கொடுத்து, ஒரு பிள்ளையை அனுப்பி, கேட்க வைத்தீர்கள். அவர் கேட்டபோது நான் ஒரு குறையும் இல்லை என்றது மரியாதைக்காக மட்டும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அந்தக் கேள்விக்காக என் நெஞ்சு நிறைந்த நன்றி. எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன். கிணறு தந்தாலும் நன்றி, தராவிட்டாலும் நன்றி. தராவிட்டால் எங்களுக்கு வருத்தமில்லை. தங்களுக்கு எத்தனை நாட்டுச் சோலிகளோ. கம்பளிதான் வசதி என்றால் அதையே அனுப்புங்கள், வெருளிக்கு மாற்றுத் துணி இல்லை.

தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கட்டும், தங்கள் சங்கத்தில் பணம் ஊற்றெடுக்கட்டும், தங்கள் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்க்காரராகவே இருக்கட்டும். ராசு, வடிவம்மா அக்கா முதலான ஊரார் அனைவரின் கும்பிடும் (பெயர்கள் இந்த முறையும் கடைசியில்தான் வந்திருக்கின்றன) ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை மறவாத,
மாயாண்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் ராக்காயிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். இனி அவள் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டுமாம், என் சரக்கு ஒன்றும் சேர்க்கக் கூடாதாம். பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதுகிறேன்.

'காரியதரிசி ஐயாவுக்கு ராக்காயி சொல்றது. மேல இருக்கிறதப் பூராத்தையும் அடிச்சிடுங்க. தராட்டி வருத்தமில்லேன்னு மாமா எழுதியிருக்காரு. வருத்தம் இருக்கு. மாமா ஒன்ன எழுதாம விட்டுட்டாரு. போன மாசம் கொளக்கட்டுல கொடத்தோட வழுக்கி விழுந்தேன். வயித்துல அடி. மறுநா பூராவும் புள்ள அசையல. அதுக்கப்புறந்தான் அசைஞ்சுச்சு. அத எழுதுனா உங்க மனசு சங்கடப்படும்னு மாமா விட்டுட்டாரு. சங்கடப்படட்டும்னுதான் நான் சொல்றேன். தூக்கிக்கிட்டு ஓடுற சாமான் எங்களுக்கு வேணாம். நாங்க ஓடி முடிச்சிட்டோம். இங்கயே கெடக்குற சாமான் ஒன்னு குடுங்க. நன்றி இப்ப சொல்ல மாட்டேன். கெணத்துல தண்ணி வந்ததும் நீங்களே வாங்க. மொதத் தண்ணிய எறைச்சு உங்க கையில ஊத்திட்டு, அப்ப நான் என் வாயால சொல்றேன்.'