உன் அம்மாவை நான் மொத்தமாக மாற்றிய வரலாறு

என் ஒரே அக்கா பெற்ற ஒரே மகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தை நலம், என் கழுத்து மட்டும் நலமில்லை. அது ஏன் என்பது கீழே வரும். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருக்கும் அவர்களும் (பேரனோ பேத்தியோ, இப்போதே மரியாதை கொடுத்துப் பழகுகிறேன்) நலம் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். நீ நடுவில் சிரித்து என் வேகத்தைக் கெடுத்துவிடுவாய்.

"அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேணும் மாமா. என்கிட்ட இருக்கறது அடையாள அட்டைப் படம் ஒண்ணுதான். அதுல அம்மா யாரையோ கைது பண்ண வந்த மாதிரி இருக்காங்க. நாளைக்கு என் பிள்ளை கேட்டா எதைக் காட்டுவேன்?" என்று நீ கேட்டாய் அல்லவா, அன்றைக்கே நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். உன் அப்பா அனுப்பிய ஹார்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் உள்ளே நூற்றுக்கணக்கில் ஃபைல். ஒன்றும் திறக்கவில்லை. எல்லாம் வெள்ளைத்தாள் போல வரிசையாக நின்று என்னையே பார்த்தன. உன் அம்மாவிடம் இருந்த அந்தச் சோப்புப்பெட்டி மாதிரி கேமராவைச் செய்த கம்பெனி, தன் படங்களைத் தன் கேமரா மட்டுமே புரிந்துகொள்ளும்படி ஒரு தனி வடிவத்தில் எழுதிவைத்துவிட்டு, பிறகு கடையையே மூடிவிட்டதாம். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே கையைத் தூக்கியிருப்பான். நான் யார்? முப்பது வருஷம் லிஃப்டில் நின்று ஒரு கம்பெனியையே ஏற்றி இறக்கியவன். நான் உயர்த்தாத மேனேஜர் ஒருவர் உண்டா?

படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மூன்று எழுத்து. அந்த மூன்று எழுத்துதான் தகராறு என்று எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த எனக்குப் புரியாதா? ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, பழைய எழுத்தை அழித்து, இந்தக் காலத்து எழுத்தைப் போட்டேன். ஒரு வாரம் ஆனது. திறந்து பார்த்தால் அதே வெள்ளைத்தாள். தூக்கிக்கொண்டு போய் சர்வீஸ் கடைக்காரரிடம் காட்டினேன். மனிதர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், சட்டையை மாத்திட்டா ஆளு மாறிடுவாரா? உள்ள இருக்கறதை மாத்தணும். அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்கு, மொத்தமாப் போட்டா மொத்தமா மாத்திக் கொடுத்துடும்."

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீங்க இப்பத்தானே சார் கடைக்குள்ளயே வர்றீங்க!"

அந்தப் புரோகிராமை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதை நான் ஆட்டிவைத்த விதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். முதல் தடவை உன் அம்மா தபால்தலை அளவில் வந்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை பெரிதாக வந்தாள், ஆனால் படுத்துக்கொண்டு வந்தாள், எல்லாப் படத்திலும். நானும் விடாமல் தலையைச் சாய்த்து அத்தனையையும் பார்த்து முடித்தேன், கழுத்து போனது. மூன்றாம் தடவை நிமிர்ந்து வந்தாள், நீல நிறத்தில். நீ நீலம், அக்கா எடுத்த ஒரு படத்தில் நான் நீலம், என் மீசை மட்டும் ஆரஞ்சு. உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த ஆளு, பார்க்க லட்சணமா இருக்காரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான்காம் தடவை எல்லாம் சரியாக வந்தது. கடைக்காரர் கேள்விப்பட்டு அசந்துபோய், "சார், கடைக்கே வந்துடுங்க, பாதி கடை உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் மாமா பதவிக்கு ஆசைப்படுகிறவன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் கண்ணு, கொஞ்சம் சங்கடமான இடம். சிரிக்கிற படம் கேட்டாய். தேடினேன். அந்தக் கேமராவை அக்கா என்னைத் தவிர யாரிடமும் கொடுக்கமாட்டாள் (என் கலை அப்படி). நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் இல்லையே. "ரெடி... அசையாதே... ரெடி..." என்று பதமாகப் பார்த்து அழுத்துவேன். அதற்குள் அவள் சிரித்து முடித்து, வாய் வலித்து, "அமுக்கித் தொலையேன்டா!" என்று கத்துவாள். சரியாக அந்த நேரத்தில் விழுந்திருக்கிறது எல்லாப் படமும். கடற்கரையில் திட்டுகிறாள், மொட்டை மாடியில் திட்டுகிறாள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திட்டுகிறாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், திட்டும்போது அவள் இடது புருவம் மட்டும் மேலே போகும் பார், அதுவும் ஒருவகைச் சிரிப்புதான். எனக்குத் தெரியும், அந்தப் புருவத்திடம் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். இதோடு வரும் பென் டிரைவில் எல்லாம் இருக்கிறது. பிள்ளையிடம் அந்தப் புருவத்தைக் காட்டு.

கடைசி ஃபோல்டர் ஒன்று மட்டும் வரவில்லை. மெஷின் தின்றுவிட்டது. பழைய ஃபைல் என்றால் அப்படித்தான், எந்த நிபுணனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏதோ ஜன்னல், சுவர், அந்த மாதிரி. அதைப் பற்றிக் கேட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே. இந்த நேரத்தில் நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, கால் வீங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசியில் ஒரு பங்கு, வரப்போகிறவருக்கு மீதி முழுவதும்.

இப்படிக்கு,
உன் அம்மாவிடம் அதிகம் திட்டு வாங்கிய சாதனையாளன்,
மாமா.

பி.கு.: அத்தை எழுதறேன்மா. கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தாரு, படிச்சுட்டுத்தான் ஒட்டறேன். கடைக்காரர் பாதிக் கடையெல்லாம் கொடுக்கலை. "சார், நீங்க தொடாதீங்க, நானே செஞ்சு தர்றேன்"னு கையைப் பிடிச்சுக் கும்பிட்டாரு. மொத்தத்தையும் மாத்தினது அவர்தான், ஒரு டீ குடிக்கிற நேரத்துல.

மெஷின் எதையும் தின்னலை. கடைசி ஃபோல்டரை எடுத்துவெச்சது உங்க மாமாதான். அது ஆஸ்பத்திரிப் படங்கள். உங்க அம்மாவுக்கு முடியெல்லாம் கொட்டினப்புறம் எடுத்தது. மாமா அப்போ ரூமுக்குள்ள வரவே மாட்டாரு, வராந்தாவுலயே நிப்பாரு. இப்பவும் முதல் படத்தைத் திறந்தாரு, மூடிட்டாரு. நீ வாயும் வயிறுமா இருக்க, பார்த்தா உன்னால தாங்க முடியாதுங்கறாரு. தாங்காதது யாருன்னு எனக்குத் தெரியாதா?

அந்தப் படமெல்லாம் நான் எடுத்தது. எனக்கு ரெடி சொல்லத் தெரியாது, பார்த்ததும் அமுக்கிடுவேன். அதையும் பென் டிரைவுல போட்டுட்டேன். மூணாவது படத்தைத் திற. உங்க அம்மா மொட்டைத் தலையில உன் ஸ்கூல் தொப்பி, கழுத்துல உன் தண்ணி பாட்டில். கட்டில்ல ஏறி உட்கார்ந்து நீ டீச்சர் மாதிரி விரலை ஆட்டற, உனக்கு முன்பல் ரெண்டும் இல்ல. அம்மா கண்ணை இறுக்கமா மூடிக்கிட்டு, வாய் முழுக்கச் சிரிக்கறாங்க. அடுத்த ஏழு படத்துலயும் நிறுத்தவே இல்லை.

எழுதிட்டே இருக்கறப்போ மாமா வந்து பின்னாடி நின்னு படிச்சுட்டாரு. கோபப்படுவாருன்னு நினைச்சேன். நேராப் போய்க் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்காரு. இப்போ ரெண்டாவது படத்துல இருக்காரு. இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்மா. கவர் கிடைச்சதும் நீ கூப்பிடு.