அங்கன்வாடிச் சுவரும் என் வாயும்

அன்பும் மரியாதையும் நிறைந்த செங்கத்து மச்சான் சின்னராசு அவர்களுக்கு,

புதூர்நாட்டிலிருந்து உங்கள் தங்கச்சி புருஷன் தங்கவேல் கும்பிட்டு எழுதுவது. இங்கே மாடு கன்று நலம், சாமை நலம், புளி இந்த வருஷம் நன்றாகவே பிடித்திருக்கிறது (இதை வெளியே மூச்சு விடாதீர்கள்), உங்கள் தங்கச்சி தேவயானிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீங்களும் அக்கா சசிகலாவும் பிள்ளைகளும் மண்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். நலம் விசாரிக்கிற பகுதி இத்துடன் முடிந்தது. இனிமேல் வருவதெல்லாம் என் கஷ்டம்.

போனில் சொன்னால் ஆகாதா என்பீர்கள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாட்டுக்கொட்டகை வாசல். இப்போது தேவயானி பொழுதெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேச்சு கிடையாது, கன்றுக்குட்டியோடுதான் பேச்சு. "அந்த ஆளு சாப்ட்டாச்சான்னு கேளு" என்று அதனிடம் சொல்வாள். கன்று எங்கே கேட்கப்போகிறது? நானே உள்ளே போய்ப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து, கன்றின் காதில் "ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த நிலைமையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி உங்களிடம் எப்படிப் பேசுவது? அதனால்தான் உங்கள் மண்டிக்குப் புளி ஏற்றிவரும் ஜீப் பாலமுருகனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்ததும் சுவேதா என்று ஒரு பெண் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கன்வாடியில் பெரியவர்களுக்குப் படம் வரையக் கற்றுத்தருகிறேன் என்றார். பிள்ளைகளுக்கு என்றாலாவது சரி, பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குப் படம் எதற்கு என்று ஊரே சிரித்தது. தேவயானி மட்டும் சிரிக்கவில்லை. அடுப்புக்கரியில் சுவரெல்லாம் ஆளும் ஆடும் வரைந்து வைத்து உங்கள் அப்பாவிடம் அவள் வாங்கிய அடி உங்களுக்குத் தெரியாததா? முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். அவளை பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே பல் குத்திக்கொண்டு நின்ற என்னையும் டீச்சர் பார்த்து, "சும்மாதானே நிக்கறீங்க, உள்ள வாங்கண்ணா" என்று கையில் பென்சிலைத் திணித்துவிட்டார். மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனி.

அந்த வகுப்பில் பாடம் என்று எதுவும் கிடையாது, எல்லாமே பயிற்சிதான். பென்சிலைத் தூக்காமல் தாள் முழுக்கக் கோடு இழு என்பார். தாளைத் திரும்பிப் பார்க்காமல் உன் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டே அதை வரை என்பார். முக்காலியை வரையாதே, அதன் கால்களுக்கு நடுவே இருக்கிற சந்துகளை மட்டும் வரை என்பார், இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை வரையச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வது? வரைந்து முடித்ததும் எல்லாப் படத்தையும் துணி உலர்த்துகிற மாதிரி கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நாங்கள் ஃபீட்பேக் சொல்லவேண்டும். "என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. படம் போட்டவங்க பதில் பேசாம கேட்டுக்கணும். நீங்க சொல்றது படத்துக்குத்தான், ஆளுக்கு இல்ல" என்று நல்லவிதமாகத்தான் விளக்கினார். பாவம், அவர் எங்கள் மலைக்குப் புதுசு.

நீங்கள் செங்கத்துக்கு இறங்கிப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பக்கத்தில் நன்றாக இருக்கிற ஒன்றை நேருக்குநேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லுகிற வழக்கம் உண்டா? காய்த்துக் குலுங்குகிற பலாமரத்தைப் பார்த்தால் "இன்னா, இந்த வருஷம் காய்ப்பே இல்ல போலகீது" என்போம். கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைத் தூக்கி "கருவாடு மாதிரி கீதே" என்று கொஞ்சுவோம். கண் பட்டுவிடக்கூடாது இல்லையா! ஒன்றுக்கும் உதவாததைத்தான் தாராளமாகப் பாராட்டலாம், அதன்மேல் எவன் கண் வைக்கப்போகிறான்? இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, மூச்சு விடுகிற மாதிரி தானாக வருவது.

கை வரைந்த அன்றைக்கு முதலில் சடையன் படம். மேலண்டைக் கொல்லை சடையன்தான், ஆடு மேய்க்கிறவன். அவன் வரைந்த கை இஞ்சிக்கிழங்கு மாதிரி இருந்தது, விரல்கள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லோரும் ஒரே குரலாக "ரொம்ப நல்லாருக்குது, ஜோரா கீது" என்றோம். அடுத்தது தேவயானி படம். மச்சான், நான் ஆடிப்போய்விட்டேன். தாளைப் பார்க்காமல் போட்ட கோடுதான், அங்கங்கே விலகியும் இருந்தது, ஆனால் அது அவள் கையேதான். அரிவாள் பட்ட தழும்பு, தேய்ந்த வளையல், களி கிண்டிக் கிண்டிச் சாய்ந்துபோன கட்டைவிரல், எல்லாம் அப்படியே இருந்தன. அந்தக் கையை நான் தினமும் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தனை பேர் கண்ணும் அந்தப் படத்தின் மேலேயே இருக்கிறது. எனக்கு வந்த பயத்தில் முந்திக்கொண்டு, "சுண்டுவிரலு சூம்பிக் கெடக்குது" என்று சொல்லிவிட்டேன். உடனே முத்தம்மா சித்தி, "ஆமாமா, வளையலு நெளிஞ்சிபோச்சி" என்றார். மற்றவர்களும் ஆளுக்கொன்று சொல்லி அவளைக் காப்பாற்றினார்கள். தேவயானிக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் படங்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் பலாமரம் வரைந்தேன். "ஆகா" என்றார்கள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து தேவயானியிடம் காட்டினேன், அவளும் முகம் கோணாமல் "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கட்டின பெண்டாட்டி இப்படியா மனுஷனை நோகடிப்பது? பிறகு ஒருநாள் நான் கூரைவீடு ஒன்று வரைந்தபோது, அவள் சற்று நின்று பார்த்து, "தாவாரம் ஒரு பக்கம் எறங்கிப்போச்சி பாரு" என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

இப்படிச் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரச்சினை எங்கே வந்தது என்றால், அங்கன்வாடிக்குப் புதுசாகக் கட்டிய வெளிச்சுவர், பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தாற்போல் இருக்குமே, அதில் படம் வரைய நம் வகுப்பிலிருந்து ஒருவருக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று டீச்சர் ஒருநாள் வந்து சொன்னார். தேவயானிக்கு அந்தச் சுவரின் மேல் எப்போதுமே ஒரு கண். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பைக்கை மெதுவாக விடச்சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவாள். "அந்த செவுரு மட்டும் கெடைச்சா இன்னா இன்னா வரையலாம்" என்று எத்தனை தடவை என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லியிருக்கிறாள் தெரியுமா? டீச்சர் சொன்னார்: "யார் வரையணும்னு நான் முடிவு பண்ண மாட்டேன். நீங்களே இத்தனை வாரமா ஃபீட்பேக் சொல்லிட்டீங்க. நீங்க எல்லாரும் ஒருமனசா அதிகமா பாராட்டினது சடையன் அண்ணனைத்தான். சுவர் அவருக்கு!"

சடையன் எழுந்து, "எனக்கு வேணாம்மா, எனக்கு ஆடு கீதும்மா" என்று கும்பிட்டான். அவன் அடக்கமாகப் பேசுகிறான் என்று டீச்சர் கைதட்டினார். நான் தேவயானியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் பைக்கிலிருந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டாள். "கொல்லையில சொல்லு, களத்துல சொல்லு, வாணாங்கல. வெளியூர்லருந்து வந்த பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? அது எல்லாத்தையும் நெசம்னு கேட்டுகினு கீது. மொதமொதல்ல வாயத் தொறந்தது யாரு? நீதான? உன் வாயிலதான்யா என் செவுரு போச்சி!" அன்றைக்குத்தான் கன்றுக்குட்டியோடு பேச ஆரம்பித்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை, மச்சான். மறுநாளே டீச்சரைத் தேடிப்போய் எங்கள் ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மனைவி மேல இவ்வளவு அக்கறையா இருக்கீங்க, சந்தோஷம். ஆனா சிபாரிசு மட்டும் வேண்டாம்ணா" என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். சரி, பேசிப் புரியவைக்க முடியாததைச் செய்து காட்டுவோம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டேன். தேவயானி வரைந்த முக்காலிப் படம் கயிற்றில் ஏறியதும் எழுந்து நின்று, "இந்த மலையிலயே இத மாதிரி ஒரு படம் கெடையாது, அவ்ளோ நல்லாருக்குது!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவேன்? முத்தம்மா சித்தி "ஐயையோ, இன்னாடா இப்டி சொல்லிட்டே!" என்று வாயில் அடித்துக்கொண்டார். புருஷனே பொதுவில் கண் வைத்துவிட்டான் என்று மொத்த வகுப்பும் பதறிப்போய்ப் பரிகாரத்தில் இறங்கியது. கால் கோணல் என்றார்கள், பலகை சரிவு என்றார்கள், இதில் உட்கார்ந்தால் இடுப்பு ஒடியும் என்றார்கள். போதாததற்கு தேவயானியே எழுந்து, "எங்கங்க நல்லாருக்குது? ஒரு காலு குட்டை, பாருங்க!" என்று தன் படத்தைத் தானே திட்டினாள். பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது அந்த வார்த்தை. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கண் கலங்கிவிட்டது. டீச்சர் அவள் தோளைத் தட்டி, "உங்க குறையை நீங்களே ஒத்துக்கறீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்" என்றார். எனக்கு அங்கேயே குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆகவே மச்சான், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பெயிண்ட் டப்பாக்களைச் சடையனிடம் ஒப்படைக்கப்போகிறார். அதற்கு முன்னால் நீங்கள் வந்துவிட வேண்டும். கூடப்பிறந்தவன் கண் படாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் நீங்கள் சொன்னால் யாரும் பதற மாட்டார்கள். டீச்சர் முன்னால் நின்று, என் தங்கச்சி வரைவது நன்றாக இருக்கிறது என்று தெளிவாக ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும். அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டவளே இல்லை. இந்தச் சுவர் ஒன்றுதான் கேட்டாள், அதையும் நான் கெடுத்துவிட்டேன். எனக்குத் தூக்கம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து உங்கள் பேரைக் காப்பாற்ற நம் மலைச்சாமி துணையிருக்கட்டும். உங்கள் மண்டியில் வியாபாரம் பெருக அவரே கண் திறக்கட்டும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உங்கள் மச்சான்,
தங்கவேல்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலமுருகன் ஜீப் ஆக்சில் உடைந்து பாதி வழியில் நின்றதால் கடிதம் என்னிடமே திரும்பி வந்துவிட்டது, அதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. அன்று சடையன் சாக்பீஸால் சுவரில் ஒரு ஆடு போட்டான். ஐந்து கால். வகுப்பு மொத்தமும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஜோரா கீது" என்றது. அதற்குமேல் தேவயானியால் தாங்க முடியவில்லை. நேராகப் போய் டீச்சர் முன்னால் நின்று, "இந்த செவுரு எனக்கு வேணும்ங்க. எங்க ஊர்ல எது நல்லாருக்குதோ அதத்தான் திட்டுவாங்க. என்னத்தான் ரொம்பத் திட்டுனாங்க, நீங்க கேட்டீங்க இல்ல?" என்றாள். டீச்சர் அவளைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், எங்கள் மூஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சடையன் அதற்குள் சாக்பீஸை அவள் கையில் வைத்துவிட்டு ஓடியே போய்விட்டான்.

இப்போது தேவயானி சுவரை வரைந்து முடித்துவிட்டாள். ஜீப், அதன் தலையில் பலாப்பழம், தொற்றிக்கொண்டு நிற்கிற சனம், ஒரு ஓரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீப்பைத் துரத்துகிற நான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களெல்லாம் "இன்னா தங்கவேலு, எங்க ஓடறே?" என்று கேட்கிறார்கள். முத்தம்மா சித்தி வந்து வெகுநேரம் பார்த்தார். "ஜீப்பு டயர்ல காத்தே இல்ல" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு குத்தம் சொல்லிவிட்டார்கள். டீச்சரே நேற்று வெட்கப்பட்டுக்கொண்டு, "மேகம் கொஞ்சம் குண்டா இருக்கு" என்றார். தேவயானி கன்றுக்குட்டியை விட்டுவிட்டு என்னிடமே வந்து பேசினாள், "ஊரே சொல்லிச்சி. நீ மட்டும் ஒண்ணும் சொல்லாம நிக்கற. அவ்ளோ மோசமாவா கீது?" என்று. கேட்கும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதனால் நீங்கள் கட்டாயம் வாருங்கள், ஆனால் பாராட்ட வேண்டாம். முதல்தரச் சரக்கிலேயே நொட்டை கண்டுபிடிக்கிற மண்டிக்காரர் நீங்கள், எப்படியாவது ஒன்று பார்த்து என் காதில் மட்டும் சொல்லுங்கள். காலையிலிருந்து சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, மச்சான்.