டிராகனின் கடைவாய்ப் பல்

"டேய், இதுல ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டன் எங்கடா இருக்கு?"

பல் டாக்டர் மொபைலை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பாஸா?" மொபைலுக்குள்ளிருந்து தம்பி சிரித்தான். "அக்கா, உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து ஆடற கேம் இது. யாரைன்னு நிறுத்தறது?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எதிரே சாய்வு நாற்காலியில் ஒரு தாடிக்காரர் மல்லாந்து கிடந்தார். ஈறில் ஊசி போட்டாயிற்று. கன்னத்துக்குள் பஞ்சு வைத்தாயிற்று. வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கிடையில் ரப்பர் கட்டையும் சொருகியாயிற்று. மரத்துப் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று நினைத்ததுதான் வினையாகிவிட்டது.

வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் மொபைலைத் தூக்கி மேஜை டிராயரில் போட்டிருப்பாள். கூப்பிட்டது தம்பி. இந்த கிளினிக் திறப்புக்கு வரவில்லையே என்று அவள் கோபித்துக்கொண்டாள். அக்கா கோபித்துக்கொண்டாளே என்று அவன் கோபித்துக்கொண்டான். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் திடீரென்று அவனிடமிருந்து ஒரு மெசேஜ். எப்படியிருக்கே, என்ன பண்றே, எதுவும் இல்லை. ஒரு மொபைல் கேமின் லிங்க் மட்டும். அவளும் எதுவும் கேட்காமல் அதை இறக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதெல்லாம் "குனி", "இடது பக்கம் வா", "பின்னால பாரு" என்பவைதான். அவளுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. இப்போது பாதியில் விட்டுவிட்டுப் போனால் அடுத்த "குனி" எத்தனை வருஷம் கழித்து வருமோ?

சின்ன வயதில் அவர்கள் ஆடியது டி.வி.யில் கேசட் சொருகி ஆடும் கேம். மக்கர் பண்ணினால் கேசட்டை உருவி, ஃபூ என்று ஊதி, மறுபடி சொருகுவார்கள். அதிலும் ஒரு டிராகன் உண்டு. பச்சையாகக் கொஞ்சம் கட்டங்கள், அவ்வளவுதான் டிராகன். அதன் வாய் என்பது ஒரு கட்டம் மேலே போய்க் கீழே வருவது. அதைப் பார்த்து இரண்டு பேரும் வீடு இரண்டாகிற மாதிரி அலறுவார்கள். ஆனால் அந்த கேமில் பாஸ் பட்டன் இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு தட்டு. டிராகன் கக்கிய நெருப்பு அந்தரத்தில் அப்படியே நிற்கும். சாப்பிட்டு, அடித்துக்கொண்டு, அழுது, சமாதானமாகித் திரும்பி வந்து இன்னொரு தட்டு தட்டினால், விட்ட இடத்திலிருந்து நெருப்பு கிளம்பும்.

இந்த மொபைல் கேமோ அவளை வாயடைக்கச் செய்துவிட்டது. முதல் நாளே அதற்குள் மழை பெய்தது. அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஈட்டிக்காரியின் தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஈட்டியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நிதானித்து, உருண்டு விழுந்தது. டாக்டர் சண்டையை மறந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவனோ வந்து வெட்டிவிட்டுப் போனான்.

"மழையில நின்னு என்னக்கா பண்றே?" என்று தம்பி கத்தினான்.

"சொட்டு உருளுதுடா!" என்றாள்.

இன்று கடைசிக் கட்டம். மலையை வளைத்துப் படுத்திருந்தது டிராகன். தம்பியின் குழுவில் எல்லோரும் ஆளுக்கொரு பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள்.

"இந்த கேம் வந்ததிலிருந்து ஒருத்தராலயும் இதைக் கொல்ல முடியலக்கா. எங்க அடிச்சாலும் செதில்தான் தெறிக்குது. நீ போனா எங்க எல்லாருக்கும் ஆட்டம் முடிஞ்சுடும். போயிடாதே."

"போகலடா," என்றாள் டாக்டர். தாடிக்காரர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் மரத்துப் போகட்டும் சார். வலிச்சா கையைத் தூக்குங்க," என்று தொழில் முகத்தோடு சொன்னாள்.

மொபைலின் சின்னத் திரையில் டிராகன் இருக்கும் இடம் தெரிந்தது, அதன் கால் தெரியவில்லை. அவளுக்கோ கிட்டப் பார்வை மங்கத் தொடங்கியிருந்த வயது.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா?"

நர்ஸ் ஓடி வந்தார். எதைத் தொடுவதற்கு முன்னும் கிருமிநாசினியைப் பீய்ச்சுகிறவர் என்பதால் பேஷண்டுகள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்ப்ரே சிஸ்டர்'. சுவரில் மாட்டியிருந்த, எக்ஸ்ரேயெல்லாம் பார்க்கிற பெரிய மானிட்டரின் ஒயரை அவர் மொபைலில் சொருகினார். அடுத்த நொடி சுவர் முழுக்க டிராகன் வந்து நின்றது.

டாக்டருக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒவ்வொரு செதிலிலும் ஒரு தனி வெளிச்சம். மூச்சு விடும்போது விலா எழும்பி அடங்கியது. கண் இமைக்குள் இன்னொரு மெல்லிய இமை மூடித் திறந்தது.

"ஆத்தாடி!" என்றார் சிஸ்டர். ஸ்ப்ரே பாட்டில் அவர் கையிலேயே நின்றுவிட்டது.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். "ஆ... ஆங்... ஊ!"

தாடிக்காரர் கையைத் தூக்கியிருந்தார். சும்மா தூக்கவில்லை, ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, வலிக்குது போலிருக்கே. சிஸ்டர், இதைப் பிடிங்க. இந்த ஈட்டிக்காரியை ஓட விட்டுக்கிட்டே இருங்க, நிக்க விடாதீங்க. நான் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுட்டு வந்துடறேன்."

"எனக்கு இதெல்லாம்..."

"கட்டை விரலை வெச்சுத் தள்ளுங்க, போதும்!"

டாக்டர் கையுறை மாட்டி ஊசியை எடுத்தாள். தாடிக்காரர் கண்ணை அகல விரித்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். விரல் சுவரைக் காட்டியது. "ஊ... ஊன்... ஆன்!"

"தெரியுது சார், ஊசின்னா யாருக்குத்தான் பிடிக்கும்? குட்டி எறும்பு கடிச்ச மாதிரிதான்."

எறும்பு கடித்தது. இப்போது அவருடைய நாக்கும் விடைபெற்றுக்கொண்டது.

இதற்குள் சிஸ்டர் தன் கடமையைச் செய்திருந்தார். டாக்டரின் மொபைலைத் தொடுவதற்கு முன் அதன் மேல் நன்றாக ஸ்ப்ரே அடித்துவிட்டார். ஈரம் பட்ட திரைக்கு எது விரல், எது ஈரம் என்று புரியவில்லை. ஈட்டிக்காரி பாறைக்குப் பின்னாலிருந்து கிளம்பினாள், தட்டாமாலை சுற்றினாள், துள்ளினாள், ஓடினாள். எதிரே டிராகன் கொட்டாவி விட்டது. அவள் நேராக அதன் வாய்க்குள் போய் நின்றாள்.

"அக்கா!" தம்பி அலறினான். "உள்ள ஏன் போனே? வெளிய வா, மென்னுடும்!"

டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மொபைலைப் பிடுங்கி வெள்ளைக் கோட்டில் துடைத்தாள். வெளியே தாவத்தான் விரலை வைத்தாள். தற்செயலாக மானிட்டரை நிமிர்ந்து பார்த்தாள். வைத்த விரல் வைத்தபடி நின்றது.

இத்தனை வருஷமாக வாய்களையே பார்த்துப் பிழைக்கிறவள் அவள். படத்தில் வரைகிற வாய் எதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை. எல்லாம் வெள்ளைச் சோளப் பொரியை வரிசையாக ஒட்டிய மாதிரி இருக்கும். இதுவோ நிஜ வாய்! மேல் தாடை குகைக் கூரை மாதிரி வளைந்து உயர்ந்தது. முன்பற்கள் லேசாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கடைவாய்ப் பற்களின் மேடுகள் மென்று மென்று தேய்ந்திருந்தன. ஈறு ஓரத்தில் காவி படிந்து, அதற்குக் கீழே ஈறு சிவந்து வீங்கியிருந்தது. எச்சில் நூல்கூட இழுபட்டு, மின்னி, அறுந்தது. தலைக்கு மேல் ஒவ்வொரு பல்லும் ஒரு மாடி வீடு போல நின்றது. கோயில் கோபுரத்தை முதல் தடவை அண்ணாந்து பார்த்த குழந்தை மாதிரி அவள் கழுத்து வலிக்கப் பார்த்தாள்.

"டேய்," என்றாள் மெதுவாக. "டிராகனுக்கு மனுஷப் பல்லுடா இது."

"அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படறாங்க. வெளிய வா!"

"இருடா. அன்னிக்கு நம்ம டிராகனுக்கு வாயே ஒரு கட்டம்தான். பல்லு, நாக்கு, எல்லாத்தையும் நாமதான் நினைச்சுக்கணும். இதை வரைஞ்சவன் என்னடான்னா காவியைக்கூட விடலடா! பல்லு மேல இவ்வளவு ஆசை வெச்சு வரைஞ்ச ஒருத்தனை நான் பார்த்ததே இல்ல."

"அக்கா, தாடை மூடுது!"

"மூடாது. கடைசிப் பல்லு படுத்த வாக்குல முளைச்சு முன்னால இருக்கிற பல்லை முட்டுது பாரு. இதுக்கு வாயை முழுசா மூடினா உயிர் போற வலி இருக்கும்." அவள் குரலில் டாக்டர் வந்துவிட்டாள். "பல்லே தேய்க்கிறதில்ல இந்தச் சோம்பேறி. எவ்வளவு நாளா இப்படியே வெச்சுட்டிருக்குன்னு பாரு! அங்க, அந்த முட்டுப்பட்ட பல்லு... கறுப்பா ஒரு பொட்டு. சொத்தை! டேய், சொத்தைடா!"

"ஆங்ங்!" என்று பின்னால் தாடிக்காரர் முனகினார். கையை ரப்பர் கட்டைப் பக்கம் கொண்டுபோனார்.

"கையை எடுங்க! கிருமி!" சிஸ்டர் பாட்டிலைத் துப்பாக்கி மாதிரி நீட்டினார். கை பழைய இடத்துக்கே போயிற்று.

டாக்டருக்கு எதுவும் கேட்கவில்லை. "எல்லாரும் கீழ்த் தாடையை அடிங்கடா! உடைச்சாலும் பரவாயில்ல! நான் அந்தப் பல்லைக் குத்திக் கிளறிடறேன். ரத்தம் வந்தா வரட்டும், கத்தினா கத்தட்டும், விடாதே!"

கிளினிக்கின் நடுச்சுவர் அட்டை மாதிரி. அந்தப் பக்கம் காத்திருந்தவர்களுக்கு மானிட்டர் தெரியாது. டாக்டரின் குரல் நன்றாகக் கேட்கும். ஒருவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "எனக்கு இப்ப வலியே இல்ல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

சலசலப்பு கேட்டு சிஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "யாரும் பயப்படாதீங்க! உள்ள ஒரே ஒருத்தர்தான். இப்ப முடிஞ்சுடுவார்!"

அதற்கப்புறம் செருப்பைத் தேடக்கூட ஒருவரும் நிற்கவில்லை.

உள்ளே ஈட்டிக்காரி நாக்கின் மேல் ஓடி, ஈறில் கால் வைத்து ஏறி, கறுப்புப் பொட்டுக்கு நேரே நின்றாள். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேர் எந்தப் பக்கம் சாயும் என்று அவள் கைக்குத் தெரியும். ஈட்டியைக் கொஞ்சம் சாய்த்து ஒரே குத்து.

டிராகன் அலறியது. அந்த அலறலில் மானிட்டர் அதிர்ந்தது, டிரேயில் கிடந்த கருவிகள் கிணுகிணுத்தன. மலை ஆடியது. செதில்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, பனி மாதிரி ஒளியாகி, மேலே மேலே போயின. ஈட்டிக்காரி கடைசியில் ஒரு தன்னந்தனிப் பல்லின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி விடிந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கிருமிநாசினி போடாமலே.

"அக்கா," என்றான் தம்பி. "ஒருத்தருக்கும் தோணலக்கா இது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தினமும் பார்க்கிறதுதானேடா."

"கேமராவைக் கொஞ்சம் திருப்பேன். உன் கிளினிக்கைப் பார்க்கணும்," என்றான்.

டாக்டர் மொபைலைத் திருப்பினாள். மேஜை, அலமாரி, ஜன்னல், சிஸ்டர், ஸ்ப்ரே பாட்டில் எல்லாவற்றையும் காட்டினாள்.

"நல்லா இருக்குக்கா. திறந்தப்பவே வந்திருக்கணும்."

"இப்பவும் திறந்துதான் இருக்கு. டிக்கெட் எடு, வா," என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் சிஸ்டர் அவள் காதோரம் வந்தார். "டாக்டர், வெளிய ஈ காக்கா இல்ல. எல்லாரும் ஓடிட்டாங்க. இவரும் உங்களையே முறைச்சுட்டு இருக்கார். கண்ணெல்லாம் தண்ணி. கட்டாயம் கம்ப்ளைன்ட் பண்ணிடுவார். ரேட்டிங்ல ஒரே ஒரு ஸ்டார்தான் நமக்கு."

டாக்டர் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். வலிக்குக் கை தூக்கிய மனிதரைக் கிடத்திப்போட்டுவிட்டு இவ்வளவு நேரம் ஆட்டம் போட்டிருக்கிறாள்! ஓடிப்போய் ரப்பர் கட்டையை எடுத்தாள், பஞ்சை எடுத்தாள், நாற்காலியை நிமிர்த்தினாள், தண்ணீரைக் கையில் கொடுத்தாள்.

"சார், மன்னிச்சுக்குங்க. நான் பண்ணினது பெரிய தப்பு. நீங்க எங்க வேணும்னாலும் கம்ப்ளைன்ட் பண்ணலாம். நான் ஒண்ணும் மறுக்க மாட்டேன். பல் வைத்தியத்தை மட்டும் முடிச்சுக்கிட்டுப் போங்க."

தாடிக்காரர் கொப்பளித்தார். பாதித் தண்ணீர் தாடி வழியே வந்தது. மரத்துப் போன நாக்கைப் புரட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துக் கோத்தார்.

"கம்ப்ளைன்ட்டா? இல்ல, முதல்லேர்ந்து இதைத்தானே சொல்ல வந்தேன் டாக்டர்! போன வருஷம் நீங்க என் வாய்க்குள்ள கேமராவை விட்டு எடுத்துக் குடுத்த படத்தைப் பார்த்துத்தான் நான் அந்த டிராகனுக்குப் பல்லே வரைஞ்சேன்!"