அப்பாவின் வாயும் வாஷிங் மெஷினின் பின்காலும்

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், வாஷிங் மெஷின் நலம். அப்பாவின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் பாதகமில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை.

எழுதும் இடம் ஆஸ்பத்திரி, தோல் பிரிவு, காத்திருக்கும் கூடம். எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று. பலகையில் பதினேழு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு மரியாதைக்குச் சொன்னது. அப்பா எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் இருக்கும் தீயணைப்புக் கருவியை ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். பத்து வாரமாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று தீர்மானித்து, "ஊரார் முன்னால அப்பனை அவமானப்படுத்தினவன், ஊரார் முன்னாலயே மன்னிப்புக் கேளுடா" என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அது தவறு. ஆதாரத்துடன் நிரூபிக்கிறேன்.

நடந்தது என்ன? வாஷிங் மெஷின் சத்தம் போட்டது. நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல், அப்பா அதைக் கழற்றி, துடைத்து, ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் வைக்காமல் முடுக்கி, சுவிட்சைப் போட்டார். மெஷின் குளியலறையிலிருந்து கிளம்பி, தாழ்வாரம் வழியாக நடந்து, ஹால் வாசலில் வந்து நின்றது. தண்ணீர்க் குழாய் பிய்ந்து சோபாவின் கால்வரை தண்ணீர். சத்தம் கேட்டு மாடி வீட்டு வக்கீலும் அவர் மனைவியும் இறங்கி வந்துவிட்டார்கள். நான் பதினோரு மணி நேரம் ஒரு லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்தேன். "அப்பா, நீங்க கை வைக்காம இருந்தாலே இந்த வீட்ல பாதிப் பொருள் நல்லா இருக்கும்" என்றேன். சொன்னது நான்தான், மறுக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பின்கால் நட்டு ஒன்று தளர்ந்திருந்தது, முடுக்கினேன், சரியாகிவிட்டது, அதைத் தளரவிட்டது யார் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

அன்றிலிருந்து அப்பா பேசவில்லை. உங்கள் குடும்பத்து ரோஷம் உங்களுக்கே தெரியும். ஒரு குடைக்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பதினோரு மாதம் பேசாமல் இருந்தவர் அவர். அதனால் வேறு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேசவில்லையா, கோபம். சாப்பிடவில்லையா, அதைவிடக் கோபம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா, மனவேதனை. இந்த மூன்றாவதைச் சொன்னது வக்கீல். சமரசம் பேச வந்தவர் அரைமணி நேரம் அப்பா முகத்தையே பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆழமான காயம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மாடியேறினார். காயம் எவ்வளவு ஆழம் என்று டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அம்மாவோ, "வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? பெத்த பிள்ளைதானே, ரெண்டு திட்டு திட்டிட்டுப் போங்களேன்" என்று காலையிலும் மாலையிலும். நானும் சும்மா இருக்கவில்லை. அவருக்குப் பிடித்த மிளகாய்த்தூள் போட்ட உருளைக்கிழங்கு வறுவல், அதுவும் கடையில் இருப்பதிலேயே அதிகக் காரம், பெரிய பொட்டலமாக வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண் இரண்டும் குளமாகிவிட்டது. அம்மா என்னைத் தோளில் தட்டி, "பாருடா, பாசத்துல கண்ணு கலங்குது, இன்னும் ஒண்ணு குடு" என்றாள். கொடுத்தேன், அத்தை. நான்கு கொடுத்தேன்.

(இருபத்து மூன்று. நடுவில் ஒருவர் டோக்கன் இல்லாமலேயே உள்ளே போய்விட்டார். நான் எழுந்து கேட்டேன். அவர்தான் டாக்டருக்குக் காப்பி கொண்டுவருபவராம்.)

இதற்கிடையில் அப்பாவுக்கு மணிக்கட்டில் அரிப்பு. கத்தரிப்பூ நிறத்தில், பளபளவென்று, தட்டையாகச் சின்னச் சின்னப் பருக்கள். கைக்கடிகாரப் பட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து தோல் பட்டையை மாற்றி எஃகுப் பட்டை போட்டேன், எஃகை மாற்றித் துணிப் பட்டை போட்டேன், கடைசியில் கடிகாரத்தையே கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். அரிப்பு கணுக்காலுக்கும் இறங்கியது. காலில் யாரும் கடிகாரம் கட்டுவதில்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்து உறைத்தது. உடனே இங்கே கூட்டி வந்தேன். அது ஆறு வாரத்துக்கு முன்னால்.

டாக்டர் ஒரு பெண், என்னைவிடப் பொறுமை குறைவு, அதனால் எனக்குப் பிடித்துப்போயிற்று. மணிக்கட்டைப் பார்த்தார், கணுக்காலைப் பார்த்தார், "வாயைத் திறங்க" என்றார். அப்பா அசையவில்லை.

"மேடம், நாங்க வந்தது கைக்கு" என்றேன்.

"தெரியுது. வாயைத் திறக்கச் சொல்லுங்க."

"அவர் வாயைத் திறக்க மாட்டார் மேடம், கோபம்."

"யார் மேல?"

"என் மேல."

"என் மேல இல்லையே? திறங்க சார்."

அப்பா திறந்தார். டாக்டர் டார்ச் அடித்து, ஒரு மரக்குச்சியால் கன்னத்தை ஒதுக்கி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு கன்னத்திலும் உட்புறம் சிலந்தி நூல் போட்டதுபோல வெள்ளைக் கோடுகள், வலை வலையாக. நடுநடுவே தோல் உரிந்து செக்கச்செவேல் என்று புண். ஈறு முழுக்கச் சிவப்பு. "இதோட எப்படி சார் இத்தனை நாள் சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர். அப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் மேஜையிலிருந்த காகிதத்தில் எழுதினார்: 'சாப்பிடவில்லை. பேசினாலும் எரிகிறது.' எனக்கு அந்த வறுவல் பொட்டலம் ஞாபகம் வந்தது.

இதற்கு லைக்கன் பிளேனஸ் என்று பெயராம். தொற்று நோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது, உடம்பின் பாதுகாப்புப் படையே ஆள் தெரியாமல் சொந்தத் தோலைத் தாக்குகிறது. "கைக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "வாய்க்குள்ள இருக்கிற சவ்வு தோலோட கூடப்பிறந்தது. வீட்ல ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களையும் கூப்பிட்டுப் பாக்கணும்ல? இது தோல்ல வந்த பல பேருக்கு வாயிலயும் இருக்கும். சில பேருக்கு வாயிலதான் முதல்ல வரும். யாரும் காட்ட மாட்டாங்க, நாங்களா கேட்டாதான் உண்டு" என்றார். சின்னத் துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். கன்னத்தின் உள்ளே தடவ ஒரு களிம்பு, கொப்பளித்துத் துப்ப ஒரு மருந்து, காரமும் புளிப்பும் கிடையாது. ஆறு வாரமாகத் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் நான் டார்ச் அடிக்கிறேன், அவர் ஆ என்று திறக்கிறார், பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறேன், அவர் மூடிக்கொள்கிறார். சிவப்பு குறைந்து வருகிறது.

ஆகவே அத்தை, முடிவு இதுதான். ஒரு லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றுவிட்டால் அதற்கு ரோஷம் வந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, பேனலைத் திறந்து பார்க்கிறோம். அப்பா பேசாததற்குக் காரணம் கன்னத்துக்குள்ளே இருக்கிறது, என் வாக்கியத்தில் இல்லை. கோபமே இல்லாதபோது மன்னிப்பு எதற்கு? புண் ஆறினால் தானே பேசுவார். நீங்கள் மூன்று பஸ் மாறி, அந்த முழங்காலோடு, இல்லாத சண்டையைத் தீர்க்க வர வேண்டியதில்லை. நாற்பது வந்துவிட்டது. அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் அன்பும் சேரட்டும். நீங்கள் நூறாண்டு நல்ல முழங்காலோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தவறு செய்யாத மருமகன்

பின்குறிப்பு: உள்ளே போய்விட்டு வந்து, மருந்து வாங்கும் வரிசையில் நின்று இதை எழுதுகிறேன். டாக்டர் பார்த்தார். வெள்ளைக் கோடு லேசாக இருக்கிறதாம், அது இருந்துவிட்டுப் போகட்டுமாம். திரும்ப வரலாம், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். புண் எல்லாம் ஆறிவிட்டது. "எத்தனை நாளா சார் எரிச்சல் இல்லை?" என்று கேட்டார். அப்பா கணீரென்று, "மூணு வாரமா இல்லம்மா" என்றார். எனக்கு நாற்காலியிலிருந்து விழாத குறை.

"அப்ப ஏன் சார் பேசாம இருக்கீங்க?"

"யார் சொன்னா? இவன் வேலைக்குப் போனதும் வீட்ல பேசிட்டுத்தான் இருக்கேன். இவங்க அம்மாவக் கேளுங்க."

"அப்ப கோபம்னு இவர் சொன்னது?"

"வாய் எரிஞ்சதும் நிஜம், கோபமும் நிஜம். புண் இருக்குன்னு சொல்லியிருந்தா கோபம் இல்லைன்னு முடிவு பண்ணிடுவான், அவன் மூளை அப்படி. மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினது யாரு, கேளுங்கம்மா."

டாக்டர் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வாங்கிய அன்று அதை நிறுத்தி, கால் சமன் செய்து, நட்டு முடுக்கியது நான். மூன்றை முடுக்கினேன். நாலாவதற்குள் போன் வந்தது. அப்பா முடுக்கியதெல்லாம் இன்றுவரை இம்மியும் அசையவில்லை. இது எனக்குப் பத்து வாரமாகத் தெரியும்.

மேலே எழுதியதைக் கிழித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வாருங்கள், முழங்காலுக்கு நான் ஸ்டாண்டுக்கே வண்டி கொண்டுவருகிறேன். வக்கீலையும் மாடியிலிருந்து கூப்பிட்டு வைக்கிறேன். அப்பா இப்போது எனக்கு முன்னால்தான் நிற்கிறார். மன்னிப்பைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நெருங்கினேன், வாய் திறக்க மாட்டேன் என்கிறது. என் வாயில் ஒரு புண்ணும் இல்லை. இங்கே கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.