எல்லாம் செட்!

ஐயா, அம்மா, 'செட்' மனிதர் என்றொரு இனம் உண்டு. கொட்டகலையில் ஆட்டோ ஓட்டும் பிரதாப் அதில் முதல் தரம். பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தால் செட், காய்ச்சல் விட்டால் செட், வண்டி ஸ்டார்ட் ஆனால் செட், புருஷன் பெண்டாட்டி சமாதானமானால் செட், ஆகாவிட்டால் "செட் பண்ணிருவோம்". தமிழில் இருக்கும் மற்றச் சொற்களெல்லாம் என்ன பாவம் செய்தன?

சூசைரட்ணத்துக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பக்கத்து டவுன் அட்டனில் புதுப் பல் செட் தயார். எடுத்து வருவதுதான் பாக்கி. மகள் யூஜினாவின் கல்யாண விருந்தில் அவர்தான் நன்றியுரை சொல்ல வேண்டும். பொக்கை வாயோடு சம்பந்தி முன்னால் நிற்பதா? மானம் என்னாவது? பிரதாப்பைப் பிடித்தார்.

"தம்பி, அட்டன் போனா நம்ம செட்ட எடுத்துட்டு வந்துருங்க. கல்யாணத்துக்கு வேணும்."

"கவலைய விடுங்கண்ணே. செட்!"

பிறகு கண்ட இடத்திலெல்லாம் இவர் "செட்டு?" என்பார், அவன் "செட்!" என்பான். பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று காலையில் ஆட்டோ வந்தது. பின்னாலேயே ஒரு வேன். அதிலிருந்து சிவப்புக் கோட்டும் டிரம்மும் டிரம்பெட்டுமாகத் திமுதிமுவென்று ஆட்கள் இறங்கினார்கள்.

"பேண்ட் செட்டுண்ணே! அட்டன்லேயே இவங்கதான் டாப்பு."

"அடப்பாவி, நான் கேட்டது பல்லு செட்டுடா!"

"செட்டுன்னு மட்டுந்தானேண்ணே சொன்னீங்க?"

விருந்தில் சூசைரட்ணம் எழுந்தார். "அன்பான சம்பந்தி" என்று தொடங்கினார். "அம்பான ஷம்மந்தி" என்று காற்றோடு வந்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மணமேடையில் யூஜினா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரதாப் சடாரென்று பேண்டுக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினான். டமடமவென்று முழக்கினார்கள் பாருங்கள்! இவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் டிரம் அதிர்ந்தது. அவரும் துணிந்து, கையை வீசி, நெஞ்சைத் தொட்டு, உதட்டை அசைத்தே முழு உரையையும் முடித்தார். மண்டபமே கைதட்டியது. சம்பந்தி ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"இப்புடி ஒரு பேச்ச நான் கேட்டதே இல்லீங்க!"

சத்தியமான வார்த்தை.

பிரதாப் மெல்லப் பக்கத்தில் வந்தான். "எப்புடிண்ணே?"

திட்டத்தான் நினைத்தார். திட்டவும் பல் வேண்டுமே! பொக்கை வாயிலிருந்து சுத்தமாக வந்தது ஒரே ஒரு சொல்: "செட்!"

சிரிக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு, எப்படி இருந்தது என்று பக்கத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? வாயைத் திறக்காதீர்கள். உங்கள் நாக்கு நுனியில் அது நிற்பது இங்கிருந்தே தெரிகிறது.