இல்லாத தொகுதியின் வேட்பாளர்

உலகத்திலேயே படுதோல்விக்கு வீடு வீடாக நன்றி சொல்லப் போன ஒரே மனிதர் எங்கள் 'சுயேச்சை' அண்ணன்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். இளையான்குடி தொகுதியில் எப்போது தேர்தல் வந்தாலும் பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டு மனுத்தாக்கல் செய்யப் போய்விடுவார்.

கடைசியாக நின்றபோது கிடைத்த சின்னம் மெழுகுவத்தி. உச்சி வெயிலில் அதை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். காற்று அணைக்கும், அவர் ஏற்றுவார். ஓட்டுக் கேட்ட நேரத்தைவிடத் தீக்குச்சி கிழித்த நேரம்தான் அதிகம்.

சுயேச்சையாக நிற்பவரைப் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டோம், நானும் ஒருவன். எண்ணி முடித்தபோது தொகுதி முழுக்க அவருக்கு விழுந்தது ஏழே ஓட்டு. அதில் ஒன்று அவருடையது.

மறுநாளே சால்வைக் கட்டோடு கிளம்பிவிட்டார். கையெழுத்துப் போட்டவர்களில் ஒன்பது பேர் அவருக்குத்தான் போட்டதாகச் சத்தியம் செய்தார்கள். கணக்கு இடித்தாலும் ஒன்பது பேருக்கும் சால்வை போர்த்தினார். பத்தாவதாக என் வீடு. எனக்குப் பொய் வாயில் வரவில்லை. பெரிய கட்சியில் நின்ற சொந்தக்காரருக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன்.

சால்வை என் தோளிலும் விழுந்தது. "உண்மையச் சொன்னது நீங்க ஒருத்தருதான் தம்பி. அடுத்த தடவை போடுங்க, போதும்."

"கண்டிப்பாப் போடுறேண்ணே."

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. மறுசீரமைப்பில் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் மானாமதுரையோடு சேர்ந்தது. அண்ணன் தன் மனைவியின் ஊரான, காரைக்குடிப் பக்கத்து மானகிரிக்குக் கடையை மாற்றினார். நானும் வேலை மாற்றலில் காரைக்குடி வந்து சேர்ந்தேன். இங்கே நின்றால் என்ன, என் வாக்கையும் காப்பாற்றிவிடுவேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மாமியா ஊருல வந்து அதிகாரம் பண்ணச் சொல்றீகளா?" என்றார். கூடவே ஒரு பெருமை: "நான் நின்ன தொகுதியில அதுக்கப்புறம் என்னைய எவனும் தோக்கடிச்சதில்லை, தெரியுமுல்ல?"

போன தேர்தலன்று ஓட்டுப் போட்ட கையோடு வண்டிக்குக் காற்றடிக்கப் போனேன். விரல் மையைப் பார்த்தார்.

"என் ஓட்டு அப்படியே பத்திரமா இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

சிரித்துக்கொண்டே காற்றடித்தார். நான் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் பொத்தானை அழுத்துமுன் பட்டியலின் கடைசிவரை கண்ணை ஓட்டுகிறேன், மெழுகுவத்தி இருந்துவிடாதா என்று.